முலையைத் தேடாத குட்டிகளும் கம்பவுண்டர் சவரிமுத்துவும்

மதகடிப்பட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது பண்டசோழநல்லூர் கோவிந்தன் சொன்னார்: “மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் பூட்டாருப்பா. நேத்தே அடக்கம் ஆயிட்ச்சி.” சவரிமுத்து அண்ணனை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இதுவரை எங்கள் மூவருக்கு மட்டும் தெரிந்தது அது.

எழுபதுகளில் நான் விவசாய ஆபீசில் களப்பணியாளன். பூச்சிமருந்து அடிக்கச் சொல்லி ஊர் ஊராகப் போவேன். ஒரு வருஷம் கோவிந்தனின் ஆடுகள் ஈன்ற குட்டிகள் எழுந்து நின்றன, முலையைத் தேடவில்லை. தாய் கத்தினாலும் திரும்பாமல் சுவரை முட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள் செத்தன. தாய்களுக்கு ஒரு குறையும் இல்லை. பங்காளி வைத்த செய்வினை என்றார் கோவிந்தன்.

பார்க்க வந்த அண்ணன், உயிரோடிருந்த ஒரு குட்டியின் வாயில் விரலை வைத்தார். சப்பியது. “சப்பத் தெரியுது. தேடத்தான் தெரில. சினையா இருக்கசொல்ல ஆடு இன்னா துன்னுச்சி?”

கரும்புக் கொல்லை வரப்புப் புல் என்றார் கோவிந்தன். அந்தக் கொல்லைக்கு மருந்து அடிக்க வைத்தவன் நான். அண்ணனின் பார்வை என்மேல் வந்தது.

“நம்ம மருந்து ஆட்டுக்கு ஒண்ணும் பண்ணாதுண்ணா,” என்றேன்.

“ஆட்டுக்குப் பண்ணாது. வயித்துல இருக்கறதுக்கு?”

அடுத்த ஈற்றுக்கு, சினையாடு இரண்டுக்கு மருந்து படாத புல்லை மட்டும் போடச் சொன்னார். அதற்கான வயலைக் காட்டியவன் நான். நடுவில் மேலதிகாரி அங்கேயும் அடிக்கச் சொன்னார், அடித்தோம். அண்ணன் வாராவாரம் சைக்கிளில் வந்து, “அடிக்கலியே?” என்று கேட்பார். “இல்லண்ணா” என்பேன். அப்படியும் புல்லை முகர்ந்து பார்ப்பார்.

பிறந்த குட்டிகள் சுவரைத்தான் முட்டின. “அப்ப மருந்து இல்ல. நாந்தான் தப்பா நெனச்சிட்டேன்,” என்றார். கோவிந்தன் பங்காளியோடு பேச்சை விட்டார். பழையபடி கரும்புக் கொல்லைப் புல்லையே அறுத்துப் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, பாகூரில் அண்ணன் வேலை செய்த மாட்டாஸ்பத்திரிக்கே போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அவங்கிட்ட வந்து சொல்லு” என்று சைக்கிளை எடுத்தார். சொன்னேன். கோவிந்தன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து பங்காளி வீட்டுக்குப் போனார்.

அதற்கடுத்த ஈற்றில், மருந்து படாத வேறு புல் தின்ற ஆடு ஈன்ற குட்டி, எழுந்ததும் முலையைப் பிடித்தது. எனக்கு அழுகை வந்தது. அண்ணன் அந்தக் குட்டியையும் நம்பிவிடவில்லை. “ஒரு குட்டிய வெச்சி சொல்லக் கூடாதுபா. இன்னும் நாலு பாக்கணும்.” அதற்குள் கோவிந்தன் ஆடுகளை விற்றுவிட்டார். மருந்துதான் காரணம் என்று கடைசிவரை யாரும் எங்களுக்கு எழுதித் தரவில்லை.

பிறகும் அண்ணன் என்னோடு அன்பாகத்தான் இருந்தார். ஆனால் நான் எதைச் சொன்னாலும், “நீ பாத்தியா?” என்று ஒருமுறை கேட்பார். ஒவ்வொரு முறையும் வலித்தது. அந்தக் கேள்வியைத்தான் நான் வைத்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு ஊரில் பூச்சிமருந்து விற்கிறேன். இன்று யாருக்காவது டப்பாவைக் கொடுக்குமுன், வீட்டில் சினை மாடு உண்டா, மாசமான பெண் உண்டா என்று கேட்கிறேன். இல்லை என்பார்கள். அவர்கள் வீட்டுக்கே போய்த் தொழுவத்தை எட்டிப் பார்த்த பிறகே கொடுக்கிறேன்.