ஸ்விட்சுக்குள் சந்தனம்

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. போன வருடம் பைக், மிக்சி, மோட்டார் ஸ்டார்ட்டர் என்று வைத்துக்கொண்டே வந்து, கணவரின் கிட்டார் ஆம்ப்ளிஃபையருக்கும் வைத்தேன். பழைய வால்வு ஆம்ப்ளிஃபையர். முகப்பில் இரண்டு ஸ்விட்சுகள். ஒன்று கரண்டுக்கு. மற்றது, வால்வுகள் சூடானதும் சத்தத்தைத் திறந்துவிட. மாமியார் பார்க்கிறாரே என்று இரண்டின் மேலும் ஈரச் சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன்.

கணவர் மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். சில வாரம் கழித்து, திருக்கனூர் பக்கம் ஒரு கோயில் மேடையில், பாட்டின் நடுவே கிட்டார் சத்தம் நின்றது. வந்தது, மறுபடி நின்றது. கூட்டம் விசிலடித்தது. ஆம்ப்ளிஃபையர் மேல், தாளத்துக்கு எலக்ட்ரானிக் பேட் வாசிப்பவரின் டீ டம்ளர் இருந்தது. கணவர் எல்லார் எதிரிலும் அவரைத் திட்டினார்.

"எம் புள்ள மேல சத்தியமா நான் ஊத்தலடா."

குழுத் தலைவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்குப் பேட் வாசிக்க வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். கணவரும் பேட்காரரும் கல்லூரிக் காலத்து நண்பர்கள். பேட்காரரின் மனைவியும் நானும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றவர்கள்.

"நீ படிச்சதுதானே, பிரிச்சிப் பாரு" என்றார் கணவர். நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. குழந்தையை மாமியாரோடு உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டேன். பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டர்களில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்து மீட்டரில் பார்த்தேன். சந்தேகம் வந்து மறுபடி பார்த்தேன். அப்புறம் மூன்றாம் தடவை.

சத்தத்துக்கான ஸ்விட்சைக் கழற்றி, அதன் தகட்டை நெம்பித் திறந்தேன். உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் காய்ந்த பொருக்கு. முகர்ந்தேன். சந்தனம். டீயும் சேர்ந்து இறங்கியிருக்கலாமே என்று பெட்டி முழுக்கக் கறை தேடினேன். இல்லை.

"ஏங்க, இது டீ இல்ல. நான் வெச்ச சந்தனம்."

அவர் ஸ்விட்சை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"பேட் அண்ணனுக்கு போன் பண்ணுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லிட்டா அவரையே கூப்புடுவாங்க."

"இன்னாடி பேசுற? அத்தினி பேரு எதிர்ல திட்டியிருக்கேன். எம் பொண்டாட்டி பூஜ போட்டதுல போச்சின்னு இப்ப போயி சொல்றதா? சிரிப்பானுங்க."

கதவுக்குப் பின்னால் இருந்து மாமியார்: "சாமிக்கு வெச்சது கெடுக்குமாடி? மொதல்ல வாயக் கழுவு."

பொருக்கைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, ஈயம் வைத்துத் திரும்பப் பற்றவைத்தேன். சத்தம் தடங்கலில்லாமல் வந்தது. வெள்ளிக்கிழமை வரை பேட்காரரின் மனைவி, அந்த அக்காவின் எண்ணை எத்தனையோ தடவை எடுத்தேன். கணவரை மீறுவதா என்று வைத்துவிட்டேன். பிறகு, புது ஆள் வந்துவிட்டாரே, இனி சொல்லி என்ன என்று இருந்துவிட்டேன்.

பாகூரில் தடுப்பூசி போடப் போனபோது அந்த அக்கா பிள்ளையோடு வரிசையில் இருந்தார். தானே நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"அவுரு இப்ப வெல்டிங் கடைக்குப் போறாரும்மா. உங்க வூட்டுக்காரர் மேல கோவமெல்லாம் இல்ல. கை தட்டி ஊத்தியிருப்பேனோ என்னமோன்னு அவுரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு."

செவிலியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அது என் மகளுடையது. நான் எழுந்து போனேன்.