பியாட்ரிஸ் டீச்சர் தூக்கிய எடை

பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. மூன்றாவது பீரியட்; பின்னக் கணக்கு ஒன்று கரும்பலகையில் பாதியில் நின்றது. பள்ளி ஆயா வகுப்பு வாசலில் தயங்கி நின்றாள்.

"டீச்சர், உங்க மாடி வீட்டு அஃப்சருன்னிசா போன் பண்ணாங்க. சார் தவறிட்டாராம்."

"கட்டில்லயா, நாற்காலியிலயா?"

"நாற்காலியில தூங்குறாப்ல இருக்காராம்."

அடையாறிலிருந்து சாந்தோம் வரை ஆட்டோவில் பியாட்ரிஸ் அழவில்லை. நாற்காலியில், நாற்காலியில் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன், தொண்ணூற்றாறு ஜூனில், பக்கவாதம் வந்து கணவர் ஸ்தனிஸ்லாஸின் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. துறைமுகத்தில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்தவர். எழுபத்திரண்டு கிலோ. பியாட்ரிஸ் நாற்பத்தேழு கிலோதான். காலையில் கட்டிலிலிருந்து ஜன்னலோர நாற்காலிக்கு, மாலையில் மறுபடி கட்டிலுக்கு அவரைத் தூக்கி மாற்றினார். மூன்றே வாரத்தில் டீச்சருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னொரு தரம் பிடிச்சா நீங்களும் படுத்துடுவீங்க. அவரை எங்கயாவது சேர்த்துடுங்க" என்றார் டாக்டர். நங்கநல்லூரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் காலியாக இருந்தது. ஸ்தனிஸ்லாஸ் கோணிய வாயால் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "இங்கயே."

மாடியில் குடியிருந்த மெஹபூப் அலி, அஃப்சருன்னிசாவின் கணவர், பளு தூக்கும் போட்டியில் ஜெயித்தே ரயில்வே வேலை வாங்கியவர். விஷயம் கேள்விப்பட்டு இறங்கி வந்தார்.

"டெட்லிஃப்ட் கத்துக்குங்க டீச்சர். தரையில கீற பளுவைக் குனிஞ்சு தூக்குறது. முதுகு ஒண்ணும் ஆவாது."

"டெட்டா? நான் இன்னும் சாகலைப்பா" என்றது கட்டில்.

முதல் வாரம் இரும்பே இல்லை. ஒட்டடைக் கம்பை டீச்சரின் முதுகில் நெடுக்காக வைத்தார் மெஹபூப். பின்தலை, முதுகு, இடுப்பின் அடி, மூன்றிலும் கம்பு பட்டபடியே குனிய வேண்டும். டீச்சர் குனிந்தாலோ, கோயிலில் பீடத்தின் முன் வணங்குவதுபோல முதுகு கூன் போட்டது.

"ரெண்டு கையிலயும் பாத்திரம் கீது. ஃப்ரிட்ஜ் கதவை எப்டி மூடுவீங்க?"

"பின்னால இடிச்சு மூடுவேன்."

"அத்தே தான்! அப்டி பின்னால தள்ளுங்க. முதுகு பலகையாட்டம் நிக்கட்டும். காலு தூக்கட்டும்."

பிறகு இரும்புக் கம்பி வந்தது, அதில் மாட்டும் எடைத் தட்டுகள் வந்தன. கொல்லையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு மாதத்தில் நாற்பது கிலோ தூக்கினார் டீச்சர். கம்பி காலை உரசிக்கொண்டே மேலே வந்தது. துளி வலி இல்லை. ஆனால் ஸ்தனிஸ்லாஸைத் தூக்கினால் மட்டும் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் பூசை முடிந்து வந்து அவரைத் தூக்குவதை மெஹபூப் நேரில் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"இன்னா டீச்சர், சார் இன்னா கொதிக்கிற சட்டியா? ஒரு முழம் தள்ளி நிக்கிறீங்களே! கம்பி ஒட்டிக்கினு வர்ல? அதே மாதிரி இவரையும் கட்டிப் புடிச்சுத் தூக்குங்க."

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் பிறர் எதிரில் அவர்கள் தோள் உரச நின்றதில்லை. கல்யாண போட்டோவில்கூட இருவருக்கும் நடுவே ஒரு பூஜாடி. மெஹபூப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் மாடிக்குப் போறேன். சத்தம் கேட்டா வர்றேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

பியாட்ரிஸ் தன் முழங்காலால் அவருடைய இடது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தார். இரண்டு அக்குளுக்கும் கீழே கை விட்டு, மார்போடு இழுத்து அணைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, காலை ஊன்றி எழுந்தார். அவரும் எழுந்தார். அவர் மோவாய் இவர் தோளில் இருந்தது.

"இதுக்கு பக்கவாதம் வர வேண்டியிருந்துச்சா, பியா?"

"சும்மா இருங்க. மாடியில கேக்கும்."

அதன்பின் ஒரு நாளும் இடுப்பு பிடிக்கவில்லை. காலை ஒரு தரம், மாலை ஒரு தரம். சில நாள் நாற்காலி பக்கத்திலேயே இருந்தும், இரண்டு பேரும் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்கள். நங்கநல்லூரிலிருந்து மறுபடி கேட்டபோது, வேண்டாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

ஆட்டோவை விட்டு இறங்கி உள்ளே போனார். அஃப்சருன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு விலகினாள். காலையில் தான் உட்கார வைத்த அதே நாற்காலியில், தெருவைப் பார்த்தபடி அவர் இருந்தார். பக்கத்து ஸ்டூலில் நகவெட்டி கிடந்தது. வலது கையில் எல்லா நகமும் வெட்டியாகிவிட்டது. மடங்கிப்போன இடது கையில், காலையில் பியாட்ரிஸ் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெட்டிக்கொண்டிருக்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அதில் மூன்று நகங்கள் பாக்கி.