'கவுன்டர்' யாரென்று கேட்ட மெஷின்

ஹமீமா வாய் திறப்பது அபூர்வம். கண்ணால் பார்த்தே எதையும் பிடித்துக்கொள்வாள். உம்மாவின் நோயால் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றபின், மாத்தளையில் அப்துல் ஸமத் ஹாஜியாரின் கணினிக் கடையில் போட்டோகொப்பி கவுன்டரில் நிற்கத்தான் வந்தாள். பின்மேசையில், அண்ணன் முறை வைத்து அவள் 'நானா' என்று அழைக்கும் கலந்தர் மென்பொருள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தானும் தட்டிப் பார்த்தாள். தம்புள்ளைச் சந்தைக்கு வரும் மரக்கறி லொறிகளை வரிசைப்படுத்தும் அந்த மென்பொருளில் இப்போது பாதிக்கு மேல் அவள் கை பட்டது.

அந்த மென்பொருளில் யார் எந்த இடத்தை, எதற்காக மாற்றினார் என்பதையெல்லாம் ஒரு கணினிக் களஞ்சியம் காத்து வந்தது. ஆனால் அது இருந்தது கண்டியில். 2008-ஆம் ஆண்டு அது. தொலைபேசி இணைப்பு எப்போது இருக்கும், எப்போது அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. இணைப்பு இல்லாவிட்டால் செய்த வேலையைச் சேர்க்க முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஒரு நாள் காலை கலந்தர் ஒரு சீடியோடு படியேறி ஓடிவந்தான். கண்டிக் களஞ்சியம் முழுவதையும் அதில் இறக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"தங்கச்சி, இனி கண்டியும் வேணாம், லைனும் வேணாம். 'கிட்'னு ஒரு புது முறைக்கு மாறப் போறோம்! ஒவ்வொருத்தர்ட மெஷின்லயும் முழுக் களஞ்சியமும் இருக்கும். ஆமி செக்பொயின்ட்ல இந்த சீடியத் திருப்பித் திருப்பிப் பாத்து, ஹிந்திப் படமான்னு கேட்டாங்க. இதவிடப் பெரிய படம்னு சொல்லிட்டு வந்தேன்."

ஹமீமா கவுன்டரை விட்டுப் பின்மேசைக்கு வந்தாள். லைன் இல்லாமலே வேலையைச் சேர்க்கலாமா!

"பழசெல்லாம் என்னத்துக்கு?" என்றான் கலந்தர். "இண்டைக்கு இருக்கிறத மட்டும் தூக்கிப் போடுவோம். லேசா முடிஞ்சிரும்."

அப்படிப் போட்டால் எல்லாமே கலந்தர் பெயரில், ஒரே நாளில் எழுதியதாக நிற்கும். கையில் ஒரு சான்றிதழ்கூட இல்லாத அவளுக்குத் தான் செய்த வேலைக்கு அந்தக் களஞ்சியத்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

"பழசும் வரணும், நானா."

கலந்தர் திரும்பிப் பார்த்தான். அவள் குரல் இவ்வளவு உரத்து அவன் கேட்டதில்லை.

"நேரம் எடுக்கும், பரவாயில்லயா?"

"எடுக்கட்டும்."

பழைய களஞ்சியத்தின் பயனர் பெயர்களுக்கு எதிரே ஆட்களின் முழுப் பெயரையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கலந்தர் எழுதிக் கொடுத்து ஓடவிட்டான். பழைய மாற்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு வரியாகத் திரையில் சரசரவென்று ஏறின. இருவரும் குனிந்து பார்த்தார்கள். சட்டென்று நின்றுவிட்டது. 'கவுன்டர்' என்ற ஆளைத் தனக்குத் தெரியாதென்றது மெஷின்.

"யாருடா இந்த கவுன்டர்?" என்று தலையைச் சொறிந்தான் கலந்தர்.

முன்மேசைக் கணினிக்கு யாரோ என்றோ வைத்த பெயர் அது. ஹமீமா தொடக்கத்திலிருந்தே அதில்தான் வேலை செய்தாள்.

"நான்தான், நானா."

"யா அல்லாஹ்! இவ்வளவு காலமும் மேசைட பேர்லயா வேலை செஞ்ச? நீ யாருன்னு சொல்லாம இது ஒரு அடி நகராதாம். சொல்லு, முழுப் பேரு?"

"பதுர்தீன் ஹமீமா."

"ஈமெயிலும் கேக்குது."

"என்கிட்ட இல்லயே!"

"ஏதாவது ஒண்டப் போடுவோம். இது உனக்குக் கடிதமா எழுதப் போகுது?"

அவன் தட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் விரலை நீட்டினாள். "நானா, என்ட பேருக்கு இங்கிலீஷ்ல ரெண்டு ஈ."

"சரிதான்! பேசாத ஆளு பேசத் தொடங்கினா இப்படித்தான்."

மறுபடி ஓடியது. கலந்தர், கலந்தர் என்று வந்துகொண்டே இருந்தது. பிறகு ஹமீமா. சிங்கள எழுத்துகள் கேள்விக்குறியாக வந்ததைச் சரிசெய்த நாள் அது. மீண்டும் ஹமீமா. ஒரே லொறி வரிசையில் இரண்டு இடத்தில் நின்றதை அவள் தடுத்தது. இன்னும் இன்னும் வந்தது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு மேலே வந்த ஹாஜியார், திரைக்கு முன்னால் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்னடா இது, ஹமீமா ஹமீமான்னு ஓடுது! அப்ப நீ என்னத்த செஞ்ச, கலந்தர்?"

"டீ குடிச்சேன், ஹாஜியார்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஹாஜியார், மறைக்குது," என்றாள் ஹமீமா.

ஹாஜியார் தள்ளி நின்றார்.