அருவிக்கரையில் பெண் பார்த்த சனிக்கிழமை

தைப்பூசத்துக்கு அடுத்து வந்த சனிக்கிழமை அது. என் மனைவி இன்றும் வெள்ளிக்கிழமை என்றுதான் சொல்வாள். வெள்ளியன்று தேயிலை ஆலையில் எங்கள் மகளுக்கு விடுப்பு கிடைத்திருக்காது. அவளைப் பார்க்க வந்த பையனுக்கும் கீழே கிள்ளானில் துறைமுக வேலை. வாரநாளில் அவர்கள் மலையேறி வந்திருக்கவே முடியாது. இவ்வளவையும் எடுத்துச் சொன்னால், "வெள்ளியோ சனியோ, நடந்தது மாறிடப் போகுதா?" என்பாள். எஸ்டேட் அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த லயன் வீட்டு வரிசை எப்போது கட்டப்பட்டது, கோயிலுக்கு எப்போது கூரை மாற்றினார்கள் என்று எழுதி வைப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. நாளைத் தொலைத்துவிட்டு நடந்ததை மட்டும் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. அப்படி ஒருத்தியோடுதான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

பெண் பார்க்க வருகிறவர்களை அருவிக்குக் கூட்டிப்போகும் யோசனை எங்கள் மகளுடையது. முன்பு இரண்டு இடத்திலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு முறையும் ஒரே மாதிரி. பையன் சோபாவில் உட்கார்ந்து கைப்பேசியைப் புரட்டுவான். அவன் அப்பா என் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்ப்பார். இவள் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். வடை தீர்ந்ததும் எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

"அந்த ரெண்டு பேரோட குரல் எப்படியிருக்கும்னுகூட எனக்குத் தெரியாதுப்பா," என்றாள் மகள். "எனக்குக் கேக்க ஒண்ணு இருக்கு. நான் இந்த மலைய விட்டு வர மாட்டேன். அவரு இங்க வந்து இருப்பாரான்னு நானே அவர்கிட்ட கேக்கணும்."

ஆலையில் தேயிலை ருசி பார்க்கும் பிரிவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போட்டு அதிக காலம் ஆகவில்லை. அந்த வேலை கிள்ளானில் கிடையாது.

"தரகர்கிட்ட சொல்லி அனுப்பினா போச்சு," என்றேன்.

"சொல்லி அனுப்பினா ஒருத்தரும் வர மாட்டாங்க லா," என்றாள் என் மனைவி. அதுவும் உண்மைதான்.

ஆகவே மகளே இணையத்தில் தேடி ஒரு சுற்றுலாவைப் பதிவு செய்தாள். வழிகாட்டியோடு காட்டுப்பாதையில் அருவிக்கு நடை. பிறகு வேனில் கீழே இறங்கி, அந்த ஆறு போய்ச் சேரும் ஏரியில் படகு. "நடக்கிறப்போ பேச நேரம் கிடைச்சிடும்," என்றாள். மூன்று தலைமுறையாக இந்த மலையில் இருக்கும் குடும்பம், பக்கத்து அருவியைப் பார்க்கக் கட்டணம் கட்டி வழிகாட்டி வைத்துக்கொண்டு போகிறது. அதைச் சொல்லாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் மனைவி முந்தைய நாளே எச்சரித்திருந்தாள்: "நாளைக்கு யாரையும் திருத்தக் கூடாது. வழிகாட்டி தப்பா சொன்னாலும் கேட்டுக்குங்க. வரப்போற சம்பந்தி முன்னால வாத்தியார் வேல வேணாம்."

மலை மேலிருக்கும் தானா ராத்தா ஊரின் பேருந்து நிலையத்தில் சந்தித்தோம். பையன், அவன் அம்மா, அவன் அப்பா. பையன் நல்ல உயரம், அமைதி. வணக்கம் சொல்லிவிட்டு அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். அந்த அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். காட்டுப்பாதை என்று தரகரிடம் சொல்லித்தான் அனுப்பியிருந்தோம்.

"பசியாறிட்டீங்களா?" என்று மனைவி கேட்டதும் அவர் பதில் சொல்லாமல் குரலைத் தாழ்த்தி, "மூணு பேரா கிளம்ப வேண்டியதாப் போச்சுங்க," என்றார். "நல்ல காரியத்துக்கு மூணு பேரா போகலாமா? மச்சான் வர்றேன்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல கால வாரிட்டாரு. அதான் வாசல்ல கெடந்த ஒரு கல்ல எடுத்து காடியில வச்சிக்கிட்டோம். அதோட நாலு."

"நல்லதுங்க, நல்லதுங்க," என்றாள் என் மனைவி, உண்மையான நிம்மதியோடு. நான் வாயைத் திறப்பதற்குள் முழங்கையால் இடித்தாள். அந்தக் கல் அவர்கள் காரின் பின்பெட்டியிலேயே இருக்க, நாங்கள் சுற்றுலாக்காரர்களின் வேனில் ஏறினோம்.

வழிகாட்டி நம்மவர்தான். பக்கத்தில் கம்போங் ராஜா ஊர்க்காரர், நடுத்தர வயது. இடுப்பில் ஒலிபெருக்கி, வாயருகே மைக். எங்களோடு ஒரு சீனக் குடும்பமும் வந்தது. அவர்களுக்காக மலாயில் ஒருமுறை, எங்களுக்காகத் தமிழில் ஒருமுறை என்று எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். இந்த அருவியைக் கண்டுபிடித்தவர் ஒரு வெள்ளைக்காரத் துரையாம். குதிரையிலிருந்து விழுந்த இடத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதாம். அந்தச் சரிவில் ஆடுகூட நின்று ஏறாது, குதிரை எப்படி ஏறியது? போகட்டும் என்று விட்டால், ஆண்டையும் சொன்னார். அவர் சொன்ன ஆண்டில் மலைக்குச் சாலையே வரவில்லை. பிறகு, தேயிலைச் செடியைக் கொண்டுவந்ததும் அதே துரைதான் என்றார். நான் இருமினேன். மனைவி என்னைப் பார்த்தாள். மறுபடி இருமிவிட்டுப் பேசாமல் நடந்தேன்.

பாதை ஒற்றையடி. வேரும் பாசியும் இரவு மழையின் சேறும். பேச நேரம் கிடைக்கும் என்று மகள் போட்ட கணக்கு முதல் வளைவிலேயே தப்பியது. "பெண்களெல்லாம் நடுவுல வாங்க, ஆம்பளைங்க முன்னயும் பின்னயும்," என்று வழிகாட்டி எங்களை அடுக்கிவிட்டார். பையன் முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் அவன் அம்மா, மகனின் முதுகுப்பையை ஒரு கையால் பிடித்தபடி. அவருக்குப் பின்னால் என் மனைவி. அதற்கும் பின்னால்தான் மகள். எங்கள் ஆட்களில் கடைசியாக நானும் பையனின் அப்பாவும்; எங்களுக்குப் பின்னால் சீனக் குடும்பம். அவர் தன் வீட்டு வாசலில் புதிதாகப் போட்ட தானியங்கிக் கதவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ரிமோட்டை அமுக்கினால் எப்படித் திறக்கும், மழை பெய்தால் எப்படி நின்றுபோகும், விற்றவன் எப்படி ஏமாற்றினான். அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியபோதும் அவர் பேச்சில் அந்தக் கதவு பாதி திறந்தபடி நின்றுகொண்டிருந்தது.

வரிசையைக் கலைக்க நானும் முயன்றேன். "சம்பந்தி அம்மா, கொஞ்சம் நின்னு மூச்சு வாங்கிக்கிறீங்களா?" என்று குரல் கொடுத்தேன். அவர் நின்றார். மகனும் நின்றுவிட்டான். மொத்த வரிசையும் நின்றது. பின்னால் இருந்த சீனப் பெரியவர் என் மேல் வந்து மோதினார்.

அருவிக்கு எதிரே கம்பி போட்ட மேடை ஒன்று இருக்கிறது. மழைக்குப் பிறகு என்பதால் தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் கொட்டியது. பாறை இடுக்கில் பிளாஸ்டிக் புட்டிகள் சிக்கிச் சுழன்றுகொண்டிருந்தன. வழிகாட்டி அதற்கு முதுகைக் காட்டி நின்று, மலேசியாவின் மிக அழகான அருவிகளில் ஒன்று என்றார். பையனின் அம்மா படம் எடுத்துக்கொள்ள நகர்ந்ததும், மகள் சட்டென்று பையன் பக்கத்தில் போய் நின்றாள். அவள் ஏதோ கேட்டாள்.

"ஆங்?" என்றான் அவன்.

மறுபடி கேட்டாள். அவன் காதருகே கையைக் குவித்துக் காட்டினான். அருவியின் இரைச்சலோடு வழிகாட்டியின் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டது. மூன்றாம் முறை அவள் வாயைத் திறந்தபோது, அவன் அம்மா கைப்பேசியோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். "எல்லாரும் சிரிங்க!" நாங்கள் சிரித்தோம். அந்தப் படத்தில் மகளின் முகத்தைப் பார்த்தால் யாரையோ அடிக்கப் போகிறவள் மாதிரி இருக்கும்.

கீழே ஏரிக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. படகுத்துறையில் சின்னச் சின்னப் படகுகள். ஒவ்வொன்றிலும் துடுப்புப் போட ஒரு மலாய்க்காரர். அவர் போக மூன்று பேர்தான் ஏறலாம் என்று பலகையில் எழுதியிருந்தது. வழிகாட்டி கணக்கைச் சட்டென்று முடித்தார்.

"உங்க குடும்பம் மூணு, அவங்க குடும்பம் மூணு. ரெண்டு போட். சரியா போச்சு. ஏறுங்க."

"மூணு பேரா?" பையனின் அம்மா துறையிலேயே நின்றுவிட்டார். "நல்ல காரியமா வந்துட்டு மூணு மூணு பேரா ஏறுறதா?"

"ஐயோ, ஆமாங்க," என்று என் மனைவியும் பின்வாங்கினாள்.

"போட்காரரோட சேர்த்தா நாலு லா, அம்மா," என்றார் வழிகாட்டி.

"அவரு கூலிக்கு வர்றவரு. அவர எப்படிக் கணக்குல சேக்கிறது?"

"கல்ல கணக்குல சேத்தோமேம்மா," என்றார் பையனின் அப்பா.

"அது நம்ம வீட்டுக் கல்லு!"

"அப்ப போய் அதையே எடுத்துட்டு வரட்டா?"

"தானா ராத்தாவுல இருக்கிற காடியில இருந்தா? நீங்க போய்ட்டு வர்றதுக்குள்ள இருட்டிடும். பேசாம இருங்க."

ஒரு படகில் நான்கு, ஒன்றில் இரண்டு என்றாள் என் மனைவி. முடியாது என்று வழிகாட்டி பலகையைத் தட்டினார். சீனக் குடும்பம் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் காத்திருந்தது. படகோட்டிகள் ஆற அமரச் சிகரெட் பற்றவைத்தார்கள். படித்தவர்கள், வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், ஒரு படகில் எத்தனை தலை என்று பட்டப்பகலில் வாதாடிக்கொண்டிருந்தோம். கடைசியில் என் மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள்: "ரெண்டு ரெண்டு பேரா போயிடுவோம். மூணு போட்."

அப்படியானால் யாரோடு யார்? பையனின் அம்மா தயங்கவில்லை. "நான் தம்பியோட வர்றேன். நீங்க உங்க பொண்ணோட வாங்க. ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரட்டும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அப்போது பையன் அம்மாவின் பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தான்.

"அம்மா, நீங்க ஆன்ட்டியோட பேசிக்கிட்டு வாங்க," என்றான். அன்று அவன் பேசி நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. சொல்லிவிட்டு முதல் படகில் இறங்கி உட்கார்ந்தான். மகள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். "தம்பி!" என்று அவர் கூப்பிடுவதற்குள் வழிகாட்டி விசில் ஊத, படகு துறையை விட்டது.

எங்கள் படகைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அந்த ஏரியில் பாதி மண்தான். மேலே மலையை வெட்டித் தோட்டம் போடுகிறார்கள், மண்ணெல்லாம் இங்கே வந்து சேருகிறது. சம்பந்தியின் கனமோ என் கனமோ, நடுவழியில் படகு சேற்றுத்திட்டில் ஏறி நின்றுவிட்டது. படகோட்டி துடுப்பால் தள்ளினார். எங்களையும் முன்னும் பின்னும் ஆடச் சொன்னார். ஆடினோம். பையனின் அப்பா ஆடிக்கொண்டே அந்தக் கதவின் உத்தரவாதக் காலம் பற்றிச் சொன்னார். தூரத்தில் ஆறு வந்து கலக்கும் இடத்தில் முதல் படகு தெரிந்தது. மகள் முன்னால் சாய்ந்து பேசுவதும், அவன் தலை குனிந்து கேட்பதும் தெரிந்தன. பிறகு அவன் பேசினான். பிறகு இருவரும் பேசாமல் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சேற்றிலிருந்து விடுபடும் நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது, இரண்டு பேருடையதும்.

அந்தச் சிரிப்பு இரண்டு அம்மாக்களின் காதிலும் விழுந்திருந்தது. நாங்கள் கரையேறியபோது பையனின் அம்மா பையிலிருந்து வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்து வைத்திருந்தார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதல் படகு வந்து நின்றது. மகள் இறங்கியதும், "திரும்பும்மா, பூ வச்சு விடுறேன்," என்று அவர் அவள் தோளைத் தொட்டார்.

மகள் திரும்பவில்லை. "ஆன்ட்டி..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். பையன் துறையில் கால் வைத்தபடியே சொன்னான்.

"வேணாம்மா. அவங்க இங்கதான் இருக்கணும்னு சொல்றாங்க. நான் உங்கள விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லிட்டேன். பேசி முடிச்சிட்டோம்."

அதன் பிறகு நடந்ததை எழுத எனக்கு விருப்பமில்லை. தானா ராத்தா வரைக்கும் வேனில் ஒருவரும் பேசவில்லை, வழிகாட்டியைத் தவிர. அவர் இன்னொரு துரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தார்.

நிலையத்தில் நிறுத்தியிருந்த எங்கள் காரை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். எங்கள் எஸ்டேட்டுக்குப் பிரிஞ்சாங் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். சனிக்கிழமை மாலை, இரவுச் சந்தைக்கு வந்த கார்கள் சாலை முழுக்க நின்றன. வெள்ளிக்கிழமையாக இருந்தால் அந்த நேரத்தில் அத்தனை நெரிசல் இருந்திருக்காது என்பதையும் மனைவிக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"அப்படி என்னடி சிரிப்பு அங்க?" என்றாள் மனைவி, பின்னிருக்கைப் பக்கம் திரும்பாமலே. "நான் அந்தம்மாகிட்ட மண்டபம் வரைக்கும் பேசிட்டேன்."

"ஏரி நடுவுக்குப் போறதுக்குள்ள கேட்டு முடிச்சிட்டோம்மா. சுத்தி முடியாம போட் திரும்பாதுன்னு போட்காரரு சொல்லிட்டாரு. எவ்வளவு நேரம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது? அப்பாவும் அங்கிளும் சேத்துல உக்காந்து ஆடிக்கிட்டு இருந்தீங்க. அதப் பாத்துதான் சிரிச்சோம்."

"கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம். நல்ல பையன்."

"அவரும் விட்டுக் குடுத்திருக்கலாம்ல?"

காய்கறி லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் குறுக்கே நின்றது. நான் கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். அவள் வெளியே சரிவில் இருட்டிக்கொண்டு வந்த தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லவருதான்ப்பா," என்றாள். "சுத்தி வளைக்காம சொன்னாரு. இன்னும் கொஞ்ச நேரம் சுத்தியிருந்தாலும் பரவால்லன்னு இருந்திச்சு."

ஹாரனை அமுக்கினேன். லாரி நகரவில்லை; நகராது என்று தெரிந்தும் மறுபடி அமுக்கினேன்.