மாமன் வண்டி நிற்காது

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் மூன்று வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முதலில் என் கார். முன்னால் செவ்வந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. அடுத்தது சீர்த்தட்டுகளும் வாழைத்தாரும் ஏற்றிய லோடு ஆட்டோ. கடைசியில் சொந்தபந்தம் அடைத்து ஏறிய வேன். என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்தில், தங்கை வீட்டுக்காரர்களின் குலசாமி கோயிலில்.

சாவியைத் திருகினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியர் குமிழியில் இருக்கும் பட்டனை அமுக்கினேன்.

ஒன்றுமே நடக்கவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினேன். ம்ஹூம்... வழக்கமாக 'ஞொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் காணோம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. பழைய வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு என் இடது காலைப் பற்றி எழுதி எழுதியே போரடித்திருக்கிறேன். சின்ன வயதில் போலியோ. இடது கால் உடம்போடு இருக்கிறதே தவிர, வேலைக்கு வராது. கிளட்ச் மிதிக்கிற வேலைக்குச் சுத்தமாக வராது. அதனால் என் காரில் கிளட்சை ஒரு மோட்டார் மிதிக்கிறது. பட்டனை அமுக்கினால் மோட்டார் கிளட்சை இழுக்கும், நான் கியர் மாற்றுவேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி, ஆர்.சி.யில் ஏற்றி, அதற்குத் தகுந்த லைசென்ஸ் வாங்கித்தான் ஓட்டுகிறேன்.

ஆனால், பார்த்தால் தெரியாது. தெரியவே கூடாது என்று திருச்சி மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மோட்டார், டேஷ்போர்டுக்கு அடியில். அதை ஆட்டிவைக்கும் எலெக்ட்ரானிக் பெட்டி பானட்டுக்குள், பேட்டரிக்குப் பக்கத்தில், கறுப்பு டேப் சுற்றி, அழுக்குத் துணி மாதிரி. மற்றபடி அது ஒரு பழைய வெள்ளை டீசல் கார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு ஓரம் நிறுத்தினால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஏர்ப்போர்ட் போகுமா?" என்று கேட்கிறார்கள். அவ்வளவு சாதாரணம்.

இதோடு விட்டேனா? கிளட்ச் வேலை முடிந்ததும், "அப்படியே எஞ்சினையும் பாத்துடுங்க" என்றேன்.

"எஞ்சினுக்கு என்ன மேடம்? நல்லாத்தானே இருக்கு?"

"இன்னும் நல்லா இருக்கணும்."

எஞ்சினின் கம்ப்யூட்டருக்குப் புது ப்ரோக்ராம். எஞ்சினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கப் பெரிய இன்டர்கூலர். கெட்டியான பிரேக். இறுக்கமான ஷாக் அப்சார்பர். வெளியே மட்டும் அதே பழைய வீல் கப், அதே மங்கிப்போன பம்பர். புகை டெஸ்டில் ஒழுங்காகப் பாஸ் ஆகும்படி செய்யச் சொன்னேன், செய்தார். வேலையெல்லாம் முடிந்த பிறகும் மனிதருக்கு மனசு ஆறவில்லை.

"கோச்சுக்காதீங்க மேடம்... இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"ஆசைக்கு."

இந்த ஒரு வார்த்தையை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அவர் மட்டுமா? கிளட்ச் மோட்டார் வைத்தேன் என்றதும் எல்லோரும் தலையாட்டினார்கள் — பாவம், தேவைதானே! எஞ்சின் சமாச்சாரத்தைச் சொன்னதும் அதே தலைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கால் சரியில்லாத ஒருத்தி தேவைக்கு ஒன்று செய்துகொண்டால் பாவம். ஆசைக்குச் செய்துகொண்டால் திமிர். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் ஒரு ஆட்சேபணையும் இல்லை.

சரி, காதுகுத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் நானும் தங்கையும்தான். அண்ணன் தம்பி கிடையாது. சித்தப்பாவுக்கும் பெண்கள்தான். காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும், அவன் மடியில் உட்காரவைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மாமன் இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்? ஒன்றுவிட்டது, ரெண்டுவிட்டது என்று தேடி எங்கிருந்தாவது ஒரு ஆண்பிள்ளையைக் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். தங்கையின் மாமனாரும் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார். கந்தர்வக்கோட்டையில் முந்திரி வியாபாரம் பார்க்கும் முத்துக்குமார். எனக்குத் தூரத்துத் தம்பி முறை. நல்ல பையன், பெரிய வண்டி வைத்திருக்கிறான்.

நல்ல பையனாகவே இருக்கட்டும். ஆனால், தங்கை பிள்ளைக்காக வருஷக்கணக்கில் ஏங்கியபோது அவளைத் திருச்சி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஏற்றிக்கொண்டு அலைந்தது யார்? ஒவ்வொரு தடவையும் 'இந்த முறையும் இல்லை' என்று டாக்டர் சொல்ல, திரும்புகிற வழியெல்லாம் அவள் அழ, ரோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டியது யார்? முத்துக்குமாரா?

"மாமா, பிள்ளைக்கு மாமன் நான்தான். சீர் நான் கொண்டாரேன். என் மடியிலதான் குத்தணும்" என்றேன் தங்கையின் மாமனாரிடம்.

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். "ஒனக்கு இல்லாத உரிமையாத்தா? ஆனா ஊரு கூடுற எடம். மாமன் வண்டிதான் மொதல்ல வரும். நீ ஓட்டிக்கிட்டு வந்து, பாதி வழியில கீதியில நின்னு போச்சுன்னு வையி... பச்சப்புள்ளைக்கு ஆகாதுத்தா. ஓட்டுறதுக்காச்சும் ஒரு ஆளப் போட்டுக்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஆள் போட மாட்டேன் மாமா. நானே ஓட்டியாரேன். வழியில நின்னா, முத்துக்குமார் மடியில வச்சுக் குத்துங்க. நிக்காம வந்தா என் மடி."

"சரித்தா" என்றார்.

இப்படி நான் சவால் விட்ட வண்டிதான் கிளம்பும் முன்பே வாசலில் நிற்கிறது.

இறங்கிப்போய் பானட்டைத் திறந்தேன். எஞ்சின், கடையில் வாங்கிய புதுப் பாத்திரம் மாதிரி பளபளத்தது. என் பெட்டியில் டேப் உரிந்து தொங்கியது. உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சித்தப்பா!"

எங்கள் பக்கத்தில் விசேஷத்துக்குப் போகும் வண்டியைக் குளிப்பாட்டாமல் எடுக்க மாட்டார்கள். முதல் நாள் சாயங்காலம் சித்தப்பாதான் காரை வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார்.

"மாமன் வண்டில்லாத்தா... மேல மட்டும் கழுவுனாப் போதுமா? பானட்டத் தூக்கி உள்ளயும் நல்லா அடிங்கப்பான்னேன்" என்றார் பெருமையாக. "பேட்டரி பக்கத்துல ஏதோ அழுக்குத் துணி ஒட்டிக்கிட்டு வரவே மாட்டேன்னுச்சு. அதுக்கு மட்டும் தனியா இன்னொருக்கா அடிக்கச் சொன்னேன்."

திட்டலாமா? திட்டினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள்... அழுக்குத் துணி மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் நான். அழுக்குத் துணிக்கு என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது. யாரும் பார்த்து 'ச்சொ' கொட்டக் கூடாது என்று மறைத்தேன். மறைத்த பொருளுக்கு யார் மரியாதை கொடுப்பார்கள்? புதுப் பெட்டிக்குச் சொல்லியாயிற்று, இந்தத் தடவை சிவப்புப் பெயின்ட் அடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கப் போகிறேன்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். "தண்ணி போயிருச்சுன்னா காயணும் மேடம். இன்னைக்கு ஓட்டாதீங்க" என்றார். வேனிலிருந்து ஆளாளுக்கு இறங்கி வந்தார்கள். சித்தப்பா முகம் சுண்டிப்போய் நின்றார்.

"பெடலு இருக்குல்லாத்தா... நான் மிதிச்சு ஓட்டியாரேன். நீ பக்கத்துல உக்காந்துக்க."

நியாயமான யோசனைதான். ஆனால் அப்படிப் போய் இறங்கினால் என்ன நடக்கும்? 'பாவம், கால் முடியாத புள்ள, இருந்தாலும் சீர் கொண்டாந்திருக்கு' என்பார்கள். பிள்ளையை முத்துக்குமார் மடியில் வைத்துவிட்டு, எனக்கு நல்ல இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போடுவார்கள். அன்பாகத்தான் செய்வார்கள். அந்த அன்பு எனக்கு வேண்டாம்.

"நகருங்க. நானே ஓட்டுறேன்."

கிளட்சே இல்லாமல் கார் ஓட்ட முடியுமா? முடியும். எஞ்சினை அணைத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, சாவியைத் திருக வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை முன்னால் இழுக்கும், அப்படியே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வேகம் சரியாக அமைகிற நேரம் பார்த்து மெதுவாகத் தள்ளினால் இரண்டாவது கியரும் விழும். பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் எடுப்பவள் நான். ஆள் நடமாட்டமில்லாத ஒரு ரோட்டில் இதைப் பழகி வைத்திருந்தேன். எதற்கு? அதுவும் ஆசைக்குத்தான். பிரேக்குக்கு வலது கால் இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல்... வண்டி நின்றால் எஞ்சினும் அணைந்துவிடும்.

சித்தப்பாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டேன். சாவியைத் திருகினேன். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்தது. மாலை அறுந்துவிடும்போல ஆடியது. சித்தப்பா சத்தமாக முருகனைக் கூப்பிட்டார். எஞ்சின் பிடித்தது. 'கிர்ர்ர்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது கியரும் விழுந்தது. வேனில் கைதட்டினார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்வானேன்? டவுனுக்குள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் தப்பித்தேன். ஊரைத் தாண்டியதும் ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு ஆட்டு மந்தை. மேய்க்கிறவர் அங்கிட்டு ஒரு தட்டு, இங்கிட்டு ஒரு தட்டு என்று நிதானமாக ஓட்டிக்கொண்டு போகிறார்.

"நிறுத்துத்தா, நிறுத்துத்தா" என்கிறார் சித்தப்பா.

நிறுத்தவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்துவிட்டேன். கார் ஊர்ந்தது. இரண்டாவது கியரில் இவ்வளவு மெதுவாகப் போனால் வேறொரு வண்டி இருமி இருமிச் செத்துப்போயிருக்கும். என் எஞ்சின் முனகியது, குலுங்கியது... ஆனால் விடாமல் இழுத்தது. குறைந்த வேகத்திலும் இழுவை வேண்டும் என்று சண்டைபோட்டு ஏற்றிய ப்ரோக்ராம் ஆயிற்றே! ஆடுகள் ஒதுங்கின. நான் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டிச் சிரித்தேன். தேவை என்று வைத்தது படுத்துவிட்டது, ஆசை என்று வைத்தது கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எதுக்கு உனக்கு என்று கேட்ட அத்தனை பேரும் அந்த நேரம் அந்த ரோட்டில் இருந்திருக்க வேண்டும்.

ஊர் எல்லை. மேளம், ஆரத்தித் தட்டோடு பெண்கள், நடுவில் வெள்ளை வேட்டியில் தங்கையின் மாமனார். வழக்கப்படி மாமன் வண்டி அங்கே நிற்கும். திருஷ்டி கழிப்பார்கள், மேளக்காரர்கள் நின்று வாசிப்பார்கள், அப்புறம் அசைந்து அசைந்து கோயிலுக்கு ஊர்வலம்.

தலையை வெளியே நீட்டிக் கத்தினேன். "மாமா, வண்டி நிக்காது! நடந்துக்கிட்டே சுத்தச் சொல்லுங்க!"

"நிக்காதா? என்னத்தா சொல்ற?"

"நீங்கதானே மாமா நிக்கக் கூடாதுன்னீங்க!"

அதன் பிறகு நடந்ததை அந்த ஊர் கொஞ்ச நாளைக்குப் பேசும். என் இரண்டாவது கியரின் குறைந்தபட்ச வேகம் மனுஷ நடையைவிடக் கூடுதல். தவில்காரர் ஓடினார். நாதஸ்வரக்காரர் ஓடிக்கொண்டே ஊதிப் பார்த்து, முடியாமல், ஊதுவதை விட்டுவிட்டு ஓடினார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்து, பாதியை எனக்குச் சுற்றி மீதியைக் கார் கதவில் ஊற்றினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவன் துண்டைச் சுழற்றியபடி ஓடினான்.

"வழி விடுங்க, வழி விடுங்க! மாமன் வருது!"

யார் என்று பார்த்தால் முத்துக்குமார். நல்ல பையன் என்று சொன்னேன் அல்லவா?

கோயில் வாசலில் பிரேக்கை அழுத்தினேன். கார் குலுங்கி அணைந்தது. மாமா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நின்னுருச்சேத்தா..."

"வந்து சேந்துதானே மாமா நின்னுச்சு."

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முத்துக்குமாரைத் தேடினார். அவன் அதற்குள் சீர்த்தட்டுகளை இறக்கப் போயிருந்தான்.

என்னால் மணையில் சம்மணமிட்டு உட்கார முடியாது. நாற்காலி கேட்டேன். சாமிக்கு முன்னால் நாற்காலியா என்று யாரோ முனகினார்கள். மாமாவே போய் எடுத்து வந்து, சந்நிதிக்கு நேராகப் போட்டார். தங்கை பிள்ளையைக் கொண்டுவந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம், புதுச் சட்டை, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத முழி. மடியில் உட்கார்ந்ததும் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். தங்கை என்னைப் பார்த்து அழுதாள். நானும் அழுதேன். ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டே கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தாய்மாமன் யாருங்க? வந்து புள்ளையப் பிடிச்சுக்கச் சொல்லுங்க."

"நான்தாங்க. குத்துங்க."