விழுங்கினால்தான் வரும் தேன்

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் என் மகள் என்னை மைசூரில் ஹெப்பாள் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பீர்க் கடைக்கு அழைத்துப் போனாள். கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தருகிற இடம். கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று தொட்டிகள், கூரையிலிருந்து தொங்கும் கூடைகளுக்குள் விளக்கு, எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழாதபடி பாட்டு. நட்டநடுப் பகலில் இத்தனை சத்தமாகப் பாட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே அலுப்பாக இருக்கிறது. உட்காருவது அலுப்பு, எழுந்திருப்பது அதைவிட அலுப்பு. ஆனாலும் வாரம் முழுக்கக் கம்பெனி பஸ்ஸிலும் கம்ப்யூட்டர் முன்னாலும் தேய்கிற பெண், ஒரு நாள் கிடைத்தால் அப்பாவைக் கூப்பிடுகிறாளே என்று போனேன்.

அவளே எனக்கும் சேர்த்துச் சொன்னாள். பழுப்பு நிறத்தில், மேலே தந்த நிற நுரையோடு இரண்டு கண்ணாடிக் குவளைகள் வந்தன.

"தேன் போட்ட பீராம்ப்பா. ஒங்க சப்ஜெக்ட்டு. குடிச்சு நோடி எத்தன ஸ்டார்னு சொல்லுங்க, நான் போட்டுடறேன்," என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் ஐந்து நட்சத்திரங்கள் காலியாக இருந்தன. தமிழும் கன்னடமும் அவள் வாயில் சாம்பார் சாதம் மாதிரி குழைந்துதான் வரும், நான் திருத்துவதை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

நான் குவளையை மூக்கருகே கொண்டுபோனேன். கொஞ்சம் கருகிய சர்க்கரை, ரொட்டியின் ஓரத்து மொறுமொறுப்பு வாசனை. அவ்வளவுதான். அடுத்த நொடி நான் நஞ்சன்கூடு ரயிலில் இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக நிறைய வருஷங்கள் மைசூரிலிருந்து அந்த ரயிலில் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். அப்போது அது சின்னத் தண்டவாளத்தில் ஆடி ஆடிப் போகும். நஞ்சன்கூட்டுக்குச் சற்று முன்பே, காற்று நம் பக்கம் இருந்தால், தானியம் வேகிற வாசனை பெட்டிக்குள் வந்துவிடும். கண்ணை மூடித் தூங்குகிறவர்களும் எழுந்து டிபன் கேரியரைத் தேடுவார்கள். அந்த வாசனை எங்கள் பீர் தொழிற்சாலையிலிருந்து வருவது. நான் அங்கே காய்ச்சும் பிரிவில் வேலை பார்த்தேன். என் அம்மா எங்கள் சர்ச் பங்கில் உள்ளவர்களிடம் "பையன் ஏதோ ஃபேக்டரில இருக்கான்" என்பாள். என்ன ஃபேக்டரி என்று யாராவது கேட்டால் "தண்ணி சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடுவாள். பொய் இல்லைதானே!

மகள் கேட்கிறாளே, ஸ்டார், அது எங்கள் தொழிற்சாலையில் ஒரு பெரிய சடங்கு. மாடியில் ஒரு சின்ன அறை உண்டு, வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, வேறு ஒன்றும் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால், வயிறு கொஞ்சம் பசிக்கிற நேரத்தில், ருசி பார்ப்பவர்கள் அங்கே போய் உட்காருவார்கள். அன்றைக்கு அவர்கள் சந்தன சோப்பு போட்டுக் குளித்திருக்கக் கூடாது, வெற்றிலை கூடாது, தலையில் வாசனை எண்ணெய் கூடாது. சோதனைக்கூடத்தில் இருந்த பிலோமினா, ரயிலடியில் வாங்கிய மைசூர் மல்லிகையை வாழையிலையோடு மடித்துப் பைக்குள் வைத்துவிடுவாள். சாயந்திரம் திரும்பும் ரயிலில்தான் அதைத் தலையில் வைப்பாள். "வாடினப்புறம்தான் எனக்குப் பூவு" என்று அலுத்துக்கொள்வாள்.

எங்களுக்கென்று ஒரு பாஷை இருந்தது. பீரில் பழ வாசனை வந்தால் நஞ்சன்கூட்டு வாழைப்பழம் என்போம், அந்த ஊர்ப் பழத்துக்கு அப்படி ஒரு மணம். பழசாகிப்போன பீர் என்றால் நனைந்த அட்டைப்பெட்டி. ஒரு வாய் விழுங்கி, பேசாமல் சற்று நேரம் காத்திருந்து, பிறகுதான் பத்துக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. முக்கியமான விதி இன்னொன்று. எங்கள் தலைமை ப்ரூவர் சிவண்ணா, மாண்டியாக்காரர், அதைக் கன்னடத்தில்தான் சொல்வார்: "மூரு நாலிகெ பேக்கு." மூன்று நாக்கு வேண்டும். மூன்று பேருக்குக் குறைவாக ருசி பார்த்தால் அந்த மதிப்பெண் செல்லாது. ஒருத்தன் நாக்கு அன்றைக்குச் சளியில் இருக்கலாம், மனைவியோடு சண்டையில் இருக்கலாம், யார் கண்டது? பீரைக் காய்ச்சினவனுக்கோ அறைக்குள் இடமே இல்லை. அவன் மாடிப்படியில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் படியில் நானும் ஒரு முறை நின்றேன்.

அந்த வருஷம் தலைமை அலுவலகத்துக்குப் புதிதாக ஏதாவது செய்து பார்க்க ஆசை வந்தது. மூலையில் கிடந்த சின்னத் தொட்டியை என்னிடம் ஒப்படைத்து, மார்ச் முடிவதற்குள் ஒரு பீர் காய்ச்சிக் காட்டு என்றார்கள். தேறினால் அது பாட்டிலில் ஏறும், சின்னத் தொட்டியும் என் பொறுப்பில் இருக்கும். தேறாவிட்டால் தொட்டியை மூடிவிட்டு என்னைப் பாட்டில் கழுவும் பக்கம் மேற்பார்வைக்கு அனுப்புவார்கள். அதுவரை நான் யாரோ எழுதிவைத்த கணக்குப்படி யாருடைய பீரையோ காய்ச்சியவன். எனக்கென்று ஒன்று வேண்டும் என்று அந்த வயதில் எவ்வளவு வெறி இருந்தது என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

தேன் என்று முடிவு செய்தேன். பாட்டில் பிரிவு ராயப்பனுக்கு மலைக்காட்டை ஒட்டிய ராமாபுரம் சொந்த ஊர். அவன்தான் என்னை அங்கே கூட்டிப்போய், மலைத்தேன் விற்கிறவர்களைக் காட்டினான். கறுப்பாக, லேசாகக் கசக்கும் தேன். டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டி முழுக்க எறும்பு. பழுப்பாக வறுத்த தானியத்தில் அந்தத் தேனைச் சேர்த்துக் காய்ச்சினேன். புளித்து அடங்கியபின் பார்த்தால் இனிப்பு துளியும் இல்லை, ஈஸ்ட் எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. ஆனால் விழுங்கிய பிறகு, வாய் காலியான பிறகு, எங்கிருந்தோ தேன் வந்தது. இனிப்பு போய் மணம் மட்டும் மிச்சமிருக்கும் தேன். நான் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று சிரித்தேன்.

ருசி பார்க்கும் நாள் வந்தது. மார்ச் முடியப் போகிறது, தள்ளிவைக்கவும் வழியில்லை. அன்றைக்கு ஆள் இல்லை! நஞ்சன்கூட்டில் பெரிய தேர். அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் லீவு, லீவு போடாதவர்களும் தேர் முடியும்வரை பீரைத் தொடமாட்டார்கள். மிச்சமிருந்தது எங்கள் பங்கைச் சேர்ந்த மூன்று பேர்: அறைக்குப் பொறுப்பாளரும் என் நண்பனுமான ஆரோக்கியம், பிலோமினா, ராயப்பன். அவர்களுக்கோ தவக்காலம். சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை குடிப்பதில்லை என்று ஒறுத்தல் எடுத்திருந்தார்கள். நானும் எடுத்திருந்தேன், ஆனால் நான் கறியைத்தான் விட்டேன், பீரைத் தொடமாட்டேன் என்று சொல்ல எனக்குப் பைத்தியமா? வழக்கமாக அந்த நாட்களில் அவர்களுக்குப் பதில் தேர்க்காரர்கள் உட்காருவார்கள். இரண்டும் மோதிக்கொண்ட வருஷம் என் வருஷம்.

ஆரோக்கியம் சும்மா விடவில்லை. பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

"விழுங்கினாத்தான்டா குடிக்கிறது. வாயில வச்சுத் துப்பினா அது வேலைதானேன்னு சாமியாரே சொல்லிட்டாரு. ஒன் பீரு நிக்கக் கூடாது, நாங்க இருக்கோம்," என்றான். அந்த மூன்று பேருக்கும் எனக்காகச் செய்கிறோம் என்ற சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. சிவண்ணா மூன்று நாக்குகளை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. நானே நன்றி சொல்லி, துப்புவதற்கு பிளாஸ்டிக் வாளியைக் கழுவி வைத்தேன்.

படியில் நின்றேன். உள்ளே வாளியில் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவர்கள் வெளியே வந்தார்கள், மூவரும் என்னைப் பார்க்காமல் இறங்கினார்கள். பிலோமினாதான் முதலில் நின்று, "நல்லாத்தான் இருக்குது... ஆனா தேனைக் காணோமே," என்றாள். ராயப்பன், "தேனே தெரியலீங்க. நானே வாங்கிக் குடுத்த தேனுங்க, மனசு கேக்கல. ஆனா பொய் எழுத முடியாதுங்களே," என்றான். சராசரி ஐந்துதான். தேனின் பெயர் சொல்லித் தேன் இல்லாத பீர். அன்றைக்கே முடிவு தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. சின்னத் தொட்டியைத் திறந்துவிடச் சொன்னார்கள். கழிவு வாய்க்காலில் பழுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடியதை நான்தான் நின்று பார்த்தேன். ஓரத்துச் செடிகளில் தேனீக்கள் வந்து உட்கார்ந்தன.

எத்தனை நாள் வைத்தால் கெடும் என்று பார்ப்பதற்காக எடுத்துவைத்த சில பாட்டில்கள் மட்டும் தப்பின. ஈஸ்டர் அன்று மத்தியானம் மைசூரில், பன்னிமண்டபத்துக்குப் பக்கத்தில் ஆரோக்கியத்தின் வீட்டில் பிரியாணி. "தோத்துப்போன பீரையாவது குடிச்சு தீப்போம்டா" என்று அவன்தான் பாட்டிலைத் திறந்தான். நால்வரும் விழுங்கினோம். பழக்கதோஷம், யாரும் பேசாமல் காத்திருந்தோம்.

"தொண்டைக்கு அந்தாண்ட போனப்புறம் வருது," என்றாள் பிலோமினா மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது.

"இதையப் போயித் துப்புனோமுங்களே," என்றான் ராயப்பன்.

ஆரோக்கியம் என்னைப் பார்க்கவில்லை. "ஒம்போது," என்றான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும், "ஒம்போதுடா," என்றான்.

மறுநாள் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு நால்வருமாக சிவண்ணாவிடம் போனோம். அவரும் ஒரு வாய் விழுங்கினார், ஜன்னலைப் பார்த்தார். "ஷீட்டு ஹோய்த்தப்பா," என்றார். தாள் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தம். எனக்குக் கோபம் பொங்கியது. ஆனால் யார்மேல் கோபப்படுவது? எனக்காகச் சாமியாரிடம் போய் நின்றவன் மேலா? பொய் எழுதமாட்டேன் என்ற ராயப்பன் மேலா? தேரின் மேலா, ஆண்டவர் மேலா? கோபத்தை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாமல் சுமந்துகொண்டே பாட்டில் கழுவும் பக்கம் போனேன். அங்கேயே எனக்கு வழுக்கை விழுந்தது. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஆரோக்கியம் என் வீட்டுக்கு வருவான், வாசலிலேயே "ஒம்போது" என்பான். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.

இப்போது அந்தத் தொழிற்சாலை இல்லை. சுவரை இடித்து மனை போட்டுவிட்டார்கள். ரயில் அகலத் தண்டவாளத்தில் ஆடாமல் போகிறது, நஞ்சன்கூடு வந்தது வாசனையால் தெரிவதில்லை, ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொல்கிறாள். ராயப்பன் ராமாபுரத்துக்கே திரும்பிப் போய் அங்கேயே கண்ணை மூடினான். ஆரோக்கியத்தைச் சர்க்கரை கொண்டுபோயிற்று, அவன் இல்லாமல் மூன்று ஈஸ்டர் கழிந்துவிட்டது. பிலோமினா மகனோடு வெளிநாட்டில் இருக்கிறாள். அந்தப் பெரிய காய்ச்சல் காலத்தில் போன வாசனை அவளுக்குத் திரும்பி வரவே இல்லை. "காப்பியும் வெந்நீரும் எனக்கு ஒண்ணுதான், மல்லிப்பூவ வச்சா முடி கனக்குது, அவ்ளோதான்," என்று போனில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அப்பா, சொல்லுங்க. நாலு போடவா?" என்று மகள் உலுக்கினாள். அவள் விரல் ஏற்கனவே நட்சத்திரத்தின் மேல் இருந்தது.

"இரும்மா. விழுங்கிட்டுப் பேசாம இரு. கொஞ்ச நேரம்," என்றேன்.

என்ன நினைத்தாளோ, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஒரு வாய் விழுங்கினாள். நானும் விழுங்கினேன். அத்தனை சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேரும் சும்மா இருந்தோம். மெதுவாக அவள் புருவம் உயர்ந்தது.

"ஹௌதுப்பா... இப்ப வருது! தேனு!"

எனக்கும் வந்தது. பின்தொண்டையில், இனிப்பில்லாமல், மலைத்தேனின் அந்த லேசான கசப்போடு. இத்தனை வருஷம் கழித்து முன்பின் தெரியாத யாரோ ஒரு பையன் காய்ச்சி வந்தது. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அப்புறம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தேர், தவக்காலம், வாளி, எல்லாம். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, ஒரு தடவைகூட அவளிடம் சொன்னதில்லை.

கேட்டுவிட்டு அவள் தன் குவளையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள்.

"அப்போ ஒங்க பீரு இத விட நல்லா இருந்துதாப்பா?"

"இருந்துச்சும்மா," என்றேன். "ரொம்ப."

எங்கள் அறையாக இருந்தால் அந்தப் பதிலைச் சேர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு நாக்கு சொன்னது, அதுவும் காய்ச்சினவனுடையது.