நண்டு வளைக்குள் வைத்த கை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டோ, அறுபத்துமூன்றோ. தீபத்துக்கு முந்தின வாரம் அடித்த புயலில் திருவண்ணாமலைக்குக் கிழக்கே இருந்த சின்ன ஏரி உடைந்தது. வெள்ளம் நெற்பயிரோடு நிற்கவில்லை; ஏரி நண்டுகளையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்த நண்டுகளைப் பிடித்து விற்றுத்தான் வெள்ளையம்மாள் பிழைத்தாள். தீபம் முடிந்து ஊர் மறுபடி கவுச்சி தின்னத் தொடங்கியபோது அவள் கூடை காலி.

கரை உடையாமல் நின்ற இடத்தில் சில வளைகளின் வாயில் மட்டும் புதுமண் கிடந்தது. உள்ளே நண்டு இருந்தது. அவள் அவற்றைத் தொடவில்லை. குஞ்சு பொரித்துப் பெருகட்டும் என்று விட்டாள். இதைக் கருணை என்று சொல்ல மாட்டேன். விதைநெல்லைத் தின்னாமல் வைக்கிற புத்திதான்.

ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்தவர்கள் நண்டு வளைதான் கரையை உடைத்தது என்று முடிவுகட்டினார்கள். நஷ்டப்பட்டவனுக்கு ஒரு காரணம் வேண்டும். அது எதிர்த்துப் பேசாததாக இருந்தால் இன்னும் வசதி. அவர்களில் ஒருவரான ஆதிமூலம், வளைகளில் ஊற்றப் பூச்சிமருந்து டப்பாவோடு கரைக்கு வந்தார். பின்னால் நாலைந்து பேர்.

வெள்ளையம்மாள் குந்தி, முதல் வளைக்குள் முழங்கை வரை கையை விட்டாள்.

“ஏம்மே, இன்னா பண்ற? கைய எடு,” என்றார் ஆதிமூலம்.

“ஊத்துங்க. அதுங்களோட என் கையும் வேவட்டும்.”

“கரைய ஓட்ட போட்டதே இதுங்கதான்!”

“இந்தக் கரையிலேர்ந்து வண்டி வண்டியா மண்ணு அள்னது நண்டா? எந்த நண்டு ஊடு கட்டிச்சின்னு காட்டுங்க, நானே ஊத்தறேன்.”

பின்னால் ஒருவர் சிரித்துவிட்டார். ஆதிமூலம் வீட்டுச் சுவருக்கு மண் எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

திடீரென்று அவள் முகம் சுளித்தாள். உள்ளே நண்டு விரலைக் கவ்வியிருந்தது. அவள் கையை இழுக்கவில்லை.

“கடிக்குதா?” ஆதிமூலத்தின் குரலில் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது.

“கடிக்கட்டும். அதுக்கு நான் யாருன்னு தெரியாது. உங்களுக்குத் தெரியுமே.”

வெயில் ஏறியது. வந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் ஆதிமூலமும் டப்பாவைத் திறக்காமலே திரும்பினார். மனம் மாறினார் என்று நான் நம்பவில்லை. ஒரு பெண்ணின் கையில் விஷம் ஊற்றியவன் என்ற பேருக்குப் பயந்தார்.

அந்த வருஷம் முழுக்க வெள்ளையம்மாள் செங்கல் சுமந்து வயிற்றைக் கழுவினாள். அடுத்த மழைக்கு வரப்போரம் நகத்தளவு குஞ்சுகள் ஓடின. அவற்றையும் அவள் வளரவிட்டாள்.

அதற்கும் அடுத்த பனிக்காலத்தில், சளிக்கு ரசம் வைக்க நண்டு கேட்டு ஆதிமூலத்தின் மனைவி வந்தாள். வெள்ளையம்மாள் பெரிதாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள்.

“கரைய ஒடைச்ச நண்டும்மா. பாத்து, சட்டிய ஒடைச்சிடப் போவுது.”